விளக்கை அணைக்கச் சொன்னவள்

என் தையல் மெஷின்மேல் பழி விழுந்த நாளிலிருந்து ஆரம்பித்தால்தான் இது சரியாக வரும்.

அப்போது ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள், பள்ளிக்கூடத்தில் கேட்டு ஒரு திசைகாட்டியை வாங்கி வந்திருந்தாள். உள்ளங்கையில் அடங்குகிற, பித்தளை மூடி போட்ட சாமான். முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் அதை நேராகக் கொண்டுவந்து என் மெஷின் பலகையில் வைத்தாள். முள்ளைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அம்மா, உன் மெஷின் பொய் சொல்லுது.”

ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய ரவிக்கைகள் மடியில் கிடந்தன. கொக்கி வைத்து முடிக்கிற அவசரத்தில் இது என்ன வம்பு என்று எனக்கு எரிச்சல்.

“இன்னாடி பொய் சொல்லுது? இந்த வூட்டுக்கு வந்த நாள்லேர்ந்து ஓட்டிகினு இருக்கேன். ஒரு தையல் கோணினது கெடையாது.”

“வடக்கு உன் பக்கம்னு காட்டுது. நீ உக்காந்திருக்கறது தெக்குமா.”

மெஷினின் தலை வார்ப்பிரும்பு. இரும்பைக் கண்டால் காந்தமுள் மனசு மாறிவிடும் என்று விளக்கினாள். அப்படியென்றால் கப்பலே இரும்புதானே, அதில் போகிறவன் எதை நம்பிப் போவான் என்று கேட்டேன். வாயை அடைக்கத்தான் கேட்டேன். அவளிடம் பதில் தயாராக இருந்தது. தன் கப்பல் முள்ளை எவ்வளவு இழுக்கும் என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு, அந்த அளவைக் கழித்துக்கொள்வார்களாம். கூடவே இருப்பது எவ்வளவு பொய் சொல்லும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு அதனோடேயே பயணம் போவது. கல்யாணமான எந்தப் பெண்ணுக்கும் இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் சொல்லித்தருகிறார்களே என்று அன்றைக்கு எனக்கு ஒரு மரியாதை வந்தது.

நெய்வேலி நகரியத்தில் இருப்பவர்களுக்குத் திசை தெரியாது. தேவைப்பட்டதே இல்லை. பிளாக் நம்பர், தெரு, குவார்ட்டர்ஸ் நம்பர் சொன்னால் முடிந்தது. எல்லாத் தெருவும் ஒரே நேர், எல்லா வீடும் ஒரே அச்சு. வாசலில் நிற்கும் வண்டியையும் கொடியில் காயும் துணியையும் பார்த்துத்தான் இது நம் வீடு என்று நுழைய வேண்டும். நாங்கள் குவார்ட்டர்ஸ் மாறிய புதிதில் என் வீட்டுக்காரர் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து, அடுத்த தெருவில் இருந்த வீட்டுக்குள் போய், ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, காபி கேட்டிருக்கிறார். அந்த அம்மாளும் யாரோ சொந்தக்காரர் என்று நினைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பாதி குடித்த பிறகுதான், காபி நன்றாக இருக்கிறதே, இது நம் வீடாக இருக்க முடியாதே என்று இவருக்குச் சந்தேகம் வந்ததாம். இதை ஷிஃப்ட் பஸ்ஸில் அவரே சொல்லிச் சிரிப்பார், எனக்குத்தான் மானம் போகும்.

இவருக்குப் பிறந்தவள்தான் வழி கண்டுபிடிக்கும் பாடத்தில் போய் விழுந்தாள்.

ஆரம்பித்து வைத்தது அவர்களுடைய சோஷியல் மிஸ். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, பாடத்தில். புத்தகத்தில் உள்ள ராஜாக்களையும் ஒப்பந்தங்களையும் ஒப்பித்தால் மார்க் வந்துவிடும். அந்த மிஸ் அதோடு விடவில்லை. எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் ஒரு ராத்திரி சென்னைக்கு எதிரில் வந்து நின்று குண்டு போட்டுவிட்டுப் போனதைச் சொல்லிவிட்டு, பிள்ளைகளிடம் ஒரு கேள்வியைப் போட்டாராம். கும்மிருட்டில், பழக்கமில்லாத கரைக்கு அவன் எப்படி வழி கண்டுபிடித்து வந்தான்?

எம்டன் ஒரு கப்பல் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் பொல்லாத ஆளை ‘அவன் சரியான எம்டன்’ என்பார்கள். என் அப்பாவுக்கே அந்தப் பட்டம் உண்டு. அவர் கடலைப் பார்த்தவர்கூட இல்லை, முந்திரிக்காட்டில் கூலிக்குப் போனவர்.

“எப்படிடி வந்தான்?” என்று கேட்டேன்.

“கலங்கரை விளக்கம் எரிஞ்சுகிட்டு இருந்துச்சுமா. கரையில லைட்டெல்லாம் எரிஞ்சுகிட்டு இருந்துச்சு. அதப் பாத்துதான் வந்தான்.”

“சண்ட நடக்கறப்ப வெளக்க அணைக்கக்கூடவா தோணல?”

“இவ்ளோ தூரம் வருவான்னு யாரும் நினைக்கல. விளக்குக்கு நம்ம ஆளு, எதிரின்னு தெரியாதுல்ல? யார் பாத்தாலும் வழி காட்டிடும்.”

அதனால்தான் போர்க்காலத்தில் கரையெல்லாம் விளக்கை அணைத்துவிடுவார்கள், அதற்குப் பிளாக்-அவுட் என்று பெயர் என்றாள். அணைத்தால் எதிரிக்கு வழி தெரியாது, சரி. நம் கப்பலுக்கும் தெரியாதே? நம் ஆள் எப்படி வீடு வந்து சேருவான்? இந்த இரண்டாவது கேள்வியை மிஸ் கேட்கவில்லை, அவளே கேட்டுக்கொண்டது. அதைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் அலைந்தாள். சாப்பிடும்போது இட்லியைத் தட்டில் நகர்த்திக் கப்பல் ஓட்டினாள். கடலூர்க் கோட்டையை இங்கிலீஷ்காரன் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை நிலம் அவனுக்கு என்று பேசி வாங்கினான், அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பெயர் என்பதையும் எங்கிருந்தோ படித்து வந்து சொன்னாள். நான் அதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவள் வகுப்பில் முதலாவதாக வருகிறவள் இல்லை. நடுவில் எங்கேயோ இருப்பாள். ஆனால் ஒன்று தெரிய வேண்டுமென்றால் தெரிகிறவரை விடமாட்டாள். இது என் பக்கத்துக் குணம் என்று நான் சொல்லிக்கொள்வேன், அவர் தன் பக்கம் என்பார். இரண்டு பக்கமும் அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை என்பதுதான் உண்மை.

பிறகு போட்டி வந்தது. எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் சில சேர்ந்து நடத்தியது. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்ள வேண்டும். ஜன்னலை மறைத்த வேனில் கூட்டிப்போய் எங்கேயாவது இறக்கிவிடுவார்கள். கையில் போன் கிடையாது, யாரிடமும் வழி கேட்கக் கூடாது. ஊர்ப்பெயர் எல்லாம் அழித்த வரைபடம், ஒரு திசைகாட்டி, அளவுகோல், பென்சில். வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள், தூரத்திலிருந்து தெரிகிற குறிகளை அதில் நாமே குறித்து வைத்துக்கொள்ளலாம். சுற்றிலும் கண்ணுக்குத் தெரிவதை வைத்துக்கொண்டு, நாம் நிற்கிற இடம் இது என்று வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். யாருடைய புள்ளி சரியான இடத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறதோ, அந்த ஜோடி விசாகப்பட்டினம் போகலாம். அங்கே நீர்மூழ்கிக் கப்பலுக்குள் போய்ப் பார்க்கலாம், துறைமுகத்தில் நிஜக் கப்பலில் ஏறி ஒரு நாள் கடலுக்குள்ளும் போய்விட்டு வரலாம்.

‘கடலுக்குள்’ என்று அவள் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதற்கு முன்பு அவள் என்னிடம் பட்டுப்பாவாடை கேட்டிருக்கிறாள், சைக்கிள் கேட்டிருக்கிறாள், நாய்க்குட்டி கேட்டிருக்கிறாள். எதற்கும் அந்த முகம் வந்ததில்லை.

எனக்குக் கடல் ஆகாது. சுனாமிக்கு மறுநாள் எங்கள் குள்ளஞ்சாவடியிலிருந்து சோற்றுப் பொட்டலம் ஏற்றிக்கொண்டு கடலூருக்குப் போன வண்டியில் நானும் போனேன். கல்யாணமாகாத வயது. கரையோரத்தில் என்ன பார்த்தேன் என்று யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் பீச்சுக்குப் போனாலும் நான் செருப்புகளுக்குக் காவலாக மணலில் உட்கார்ந்திருப்பேன். மகளுக்கு முழங்கால் நனைந்தால் நான் போடுகிற சத்தத்தில் சுண்டல்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார். அப்படி வளர்த்த பிள்ளை கப்பலில் ஏறுகிறேன் என்கிறது.

“பொம்பளப் புள்ள, அவ்ளோ தூரம், அதுவும் கடலு. இன்னா வெளையாடறியா?” என்றேன்.

“முதல்ல ஜெயிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

எத்தனையோ ஜோடி வருகிறார்கள், இவளா ஜெயிக்கப்போகிறாள் என்று நானும் வாயை விட்டேன். “சரி, ஜெயிச்சா போ. நான் தடுக்கல.”

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி இன்னொரு முறை சொல்ல வைத்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் மாடிதான் அவளுக்குக் கப்பல். பக்கத்துத் தெருவில் இருக்கிற வகுப்புத் தோழிதான் கூட்டாளி. கோயிலுக்குப் போகும்போது நாங்களும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது அவர்களுமாக அந்த இரண்டு பெண்களையும் மாடியிலிருந்து இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முறை இதுதான். தூரத்தில் அனல் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறது. திசைகாட்டியை வைத்து அது எந்தத் திசையில் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். வரைபடத்தில் புகைபோக்கி இருக்கிற இடத்திலிருந்து அதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் எங்கேயோதான் நாம் நிற்கிறோம். இன்னொரு அனல் நிலையத்தின் புகைபோக்கியை வைத்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடம் நம் இடம். சரிபார்க்க மூன்றாவதாக ஒன்று வேண்டும். மூன்று கோடும் ஒரே புள்ளியில் சேர்ந்தால் நிம்மதி. சேராமல் நடுவில் முக்கோணம் விழுந்தால் அதைக் கப்பல்காரர்கள் தொப்பி என்பார்களாம். சின்னத் தொப்பி என்றால் பாதகமில்லை. பெரிய தொப்பி விழுந்தால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது.

மூன்றாவதற்கு என்ன வைப்பது என்று பேச்சு வந்தபோது என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்தார். அவர் சுரங்கத்தில் ஸ்ப்ரெடர் மெஷினில் ஆபரேட்டர். நிலக்கரிக்கு மேலே இருக்கிற மண்ணைத் தோண்டி எடுத்தால் அது கன்வேயரில் வரும். அதை வாங்கி மலையாகக் கொட்டுகிற ராட்சத மெஷின் அது. மண்மேட்டுக்கு மேலே நின்றுகொண்டு நீளமாகக் கையை நீட்டிக்கொண்டிருக்கும். வடலூரிலிருந்துகூடத் தெரியும் என்பது அவர் பெருமை.

“என் மெஷினப் போடு. அதைவிடப் பெரிசா இந்த ஜில்லாவுல என்ன இருக்கு?” என்றார். சிவப்பு மை பேனாவை வாங்கி, மண்மேட்டின் ஒரு விளிம்பில் அழுத்தி ஒரு புள்ளி வைத்தார். பக்கத்தில் தன் கையாலேயே ‘அப்பா’ என்று எழுதினார். “இதான் நெய்வேலிக்குக் கலங்கரை விளக்கம். கண்ண மூடிகிட்டு நம்பு.”

போட்டி நாளில் ஒவ்வொரு ஜோடிப் பெண் பிள்ளைகளுடனும் ஒரு அம்மா போக வேண்டும் என்றார்கள். நான் போனேன். வேனில் ஏற்றுவதற்கு முன் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அம்மா, நீங்க துணைக்கு மட்டும்தாங்க. அங்க ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாதுங்க.”

“நான் ஏங்க பேசறேன்?” என்றேன். என் மகள் பின்னால் நின்று சிரித்தாள்.

ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டிய வேனில் குலுங்கிக்கொண்டே போனோம். எங்கெங்கோ சுற்றி, பல முறை திரும்பி, கடைசியில் மண்பாதையில் இறங்கி நின்றது. எங்களை இறக்கிவிட்டு, நேரம் முடியும்போது வருவதாகச் சொல்லிவிட்டு வேன் போய்விட்டது. செம்மண் பொட்டல், ஓரத்தில் முந்திரித் தோப்பு. பூத்திருந்த காலம், அந்த வாசனை வந்து மோதியது. தோப்பு முனையில் வெள்ளையடித்த ஒரு பம்ப்செட் ரூம், அதன் சுவரில் ஒரு மூலை உடைந்து போயிருந்தது.

அந்த மூலை உடைந்தது எனக்குத் தெரியும். நாங்கள் சின்ன வயதில் அப்பாவோடு முந்திரி பொறுக்க வந்த தோப்பு அது. வடலூர் தாண்டி, குள்ளஞ்சாவடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற இடம். பிள்ளைகள் வரைபடத்தை விரிப்பதற்கு முன்பே எனக்கு விடை தெரிந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாகக் கேள்விக்கு முன்பே விடை தெரிந்திருக்கிறது, அதைச் சொல்லக் கூடாதென்று வாயைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். துப்பட்டா நுனியை வாயில் கடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தேன்.

முந்தின நாள் மழை பெய்திருந்ததால் வானம் தெளிவாக இருந்தது. இரண்டு புகைபோக்கிகளும் தெரிந்தன. மண்மேட்டின் மேல் அவருடைய ஸ்ப்ரெடரும் குச்சி நீட்டிக்கொண்டு தெரிந்தது. கூட்டாளிப் பெண் பம்ப்செட் ரூம் திண்டில் ஏறி நின்று திசை பார்த்துச் சொல்ல, என் மகள் மண்ணில் மண்டியிட்டுக் கோடு போட்டாள். இடுப்பில் இருந்த பெல்ட்டைக் கழற்றி எட்டப் போட்டுவிட்டு வந்துதான் கூட்டாளி திசைகாட்டியைத் தொட்டாள். பக்கிளில் இரும்பு இருக்கிறதாம். என் தையல் மெஷினிடம் கற்ற பாடம்.

மூன்று கோடும் விழுந்தன. நானும் எட்டிப் பார்த்தேன். சேரவில்லை. நடுவில் பெரிய தொப்பி.

“திரும்பப் பாரு” என்றாள் மகள். திரும்பப் பார்த்தார்கள். அதே தொப்பி.

“நடுவுல புள்ளி வச்சிடலாம்டி. முக்கோணம் விழுந்தா நடுவுல வைக்கலாம்னு சொல்லிருக்காங்கல்ல” என்றாள் கூட்டாளி. அழுகிற மாதிரி இருந்தது அவள் குரல்.

மகள் பென்சிலைத் தொப்பிக்கு நடுவில் கொண்டுபோனாள். நான் வரைபடத்தைப் பார்த்தேன். அந்த இடம் எங்கேயோ வயல்வெளியில் இருந்தது. இந்தத் தோப்பு அங்கே இல்லை.

அந்த நிமிஷம் என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. தப்பு. தப்பாக வைக்கப்போகிறாள். போட்டி போனது, கப்பல் போனது, கடல் போனது. பிள்ளை வீட்டில் இருப்பாள். நான் ஒரு விரலையும் அசைக்க வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். பெற்றவள் இப்படி நினைப்பாளா என்று யாராவது கேட்டால், பெற்றவள்தான் நினைப்பாள் என்பேன்.

அவள் பென்சிலை அந்தரத்தில் நிறுத்தினாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டுதான் இருந்தேன், சத்தியமாக.

“அம்மா.”

நான் தலையை மட்டும் ஆட்டினேன், இன்னா என்று.

“எழுந்து அந்தப் பக்கம் திரும்பி நில்லுமா.”

நான் ஏன் என்று கையால் கேட்டேன்.

“உன் முகத்துல லைட் எரியுது. நான் பாத்தா ஜெயிச்சிடுவேன். பிளாக்-அவுட் பண்ணு.”

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. இந்த இடம் எனக்குத் தெரியும் என்பதையும், நான் சந்தோஷப்பட்டதையும் அவள் பார்த்துவிட்டாள். நான் எதற்குச் சந்தோஷப்படுவேன் என்பதும் அவளுக்குத் தெரியும். அம்மா முகம் மலர்ந்தால் புள்ளி தப்பு. பென்சிலை வரைபடத்தின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே என் முகத்தைப் பார்த்தால் போதும், என் முகம் எங்கே வாடுகிறதோ அங்கே வைத்துவிடலாம். எம்டன் கப்பலுக்கு விளக்கு எரிந்ததுபோல நான் எரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த வழியே வேண்டாம் என்கிறாள், அதுவும் உலகத்திலேயே அவள் அதிகம் ஆசைப்பட்ட ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது. நானாக இருந்தால் பார்த்திருப்பேன். அவள் வயதில் மட்டும் இல்லை, இன்றைக்கும் பார்த்திருப்பேன்.

எழுந்து முந்திரி மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றேன். கண் நிறைந்துவிட்டது. கோபமா பெருமையா என்று எனக்கே தெரியவில்லை. பெருமைதான். இப்போது தெரிகிறது.

பின்னால் பேச்சுக் குரல் மட்டும் கேட்டது.

“மூணுல ஒண்ணு பொய் சொல்லுது. எது?” இது என் மகள்.

“எல்லாமே பெரிசு பெரிசா இருக்கு. எதுடி பொய் சொல்லும்?”

“புகைபோக்கி பொய் சொல்லுமா? கட்டின இடத்துல நிக்குது. அந்தப் புகைபோக்கியும் அப்படித்தான்.” பிறகு மெதுவாக, “அப்பா மெஷினுக்குக் கீழ என்ன இருக்கு தெரியுமா? சங்கிலிச் சக்கரம். புல்டோசருக்கு இருக்குமே, அந்த மாதிரி. சக்கரம் எதுக்கு வைப்பாங்க?”

“நகர்றதுக்கு.”

“அப்பா புள்ளி வச்சது போட்டி அறிவிச்சப்ப. அதுக்கப்புறம் எவ்ளோ மண்ணு கொட்டியிருப்பாங்க? மேடு வளந்தா மெஷின் அங்கயே நின்னா எப்படிக் கொட்டும்?”

“ஆனா உங்கப்பா கண்ண மூடிகிட்டு நம்பச் சொன்னாரேடி. அவரு அதுலயே வேல பாக்கறாரு.”

“அதான்டி. அதுக்குள்ளயே உக்காந்திருக்கறவங்களுக்கு அது நகர்றது தெரியாது.”

ரப்பர் தேய்க்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் தேய்ப்பதும் நிறுத்துவதுமாகக் கேட்டது. சிவப்பு மை ரப்பருக்குப் போகாது. அவள் அழித்தது அப்பாவின் புள்ளியை இல்லை, அதிலிருந்து தான் போட்ட பென்சில் கோட்டை. அந்தக் கோடு போவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. அவளுக்கு ஆனது.

“வச்சிட்டேன். நீயும் சரின்னு சொன்னாதான்” என்றாள் கூட்டாளியிடம்.

“சரி” என்றாள் அந்தப் பெண். அவளும் சாதாரணப் பிள்ளை இல்லை. தப்பானால் அவளுக்கும்தான் போகும்.

வேன் வந்து வரைபடத்தை வாங்கி உறையில் போட்ட பிறகுதான் நான் திரும்பினேன். அவள் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வழியெல்லாம் இருவரும் ஜன்னலில் ஒட்டிய செய்தித்தாளில் ராசிபலன் படித்துக்கொண்டு வந்தோம்.

சாயங்காலம் பள்ளிக்கூட வராந்தாவில் முடிவு சொன்னார்கள். சுரங்கத்தில் வேலை பார்க்கிற அப்பாக்கள் இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் இன்னும் சிலரும் சுரங்க மெஷின்களைக் குறிகளாக வைத்து ஏமாந்திருந்தார்கள் என்று மிஸ் சிரித்துக்கொண்டே சொன்னார். வேறு ஊரில் யாருக்கும் இந்த யோசனையே வராது. எங்களுக்கு அந்த மெஷின்கள் மலை மாதிரி, பிறந்ததிலிருந்து அங்கேயேதான் நிற்கின்றன. என் மகளும் கூட்டாளியும் வைத்த புள்ளி பம்ப்செட் ரூம் மேலேயே உட்கார்ந்திருந்தது.

கூட்டாளியின் அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். என் மகள் கட்டிக்கொள்ளவில்லை. தூரத்திலிருந்து என்னைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டேன், என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிற பார்வை. நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் அப்பாவிடம் போனாள். ஜெயித்ததைச் சொல்லவில்லை. “அப்பா, உங்க மெஷின் கோட்ட அழிச்சிட்டேன்பா” என்றாள். நடந்ததைக் கேட்டுக்கொண்டே வந்தவர், தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“அட ஆமா! போன மாசம்தானே நாங்களே அத நகத்தி நிறுத்தினோம். எனக்கு எப்படி மறந்துச்சு?”

பிறகு, முடிவு சொன்னதும் திருப்பிக் கொடுத்திருந்த வரைபடத்தை வாங்கி, தன் சிவப்புப் புள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிறுத்துவிடுமோ என்று எனக்குப் பயம். அவர் நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் சிரிப்பு.

“நான் சொன்னதையும் சரிபாக்கறவ, கடலு சொல்றதையும் சரிபாப்பா. இவ தொலைய மாட்டா. நீ பயப்படாத” என்றார் என்னைப் பார்த்து. அவர் ஜென்மத்தில் பேசிய உருப்படியான பேச்சு அதுதான். மறுநாள் ஷிஃப்ட் பஸ் முழுக்க இதையே சொல்லியிருக்கிறார். காபிக் கதைக்கு ஓய்வு கிடைத்தது.

நான் வாக்குக் கொடுத்தவள். சாமி படம் சாட்சி. சம்மதத்தில் கையெழுத்துப் போட்டேன். பையில் வைக்க நான்கு நாளைக்கு உடுப்பும், முறுக்கும், கப்பலில் வாந்தி வந்தால் முகர எலுமிச்சம்பழமும் எடுத்து வைத்தேன். பயம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் போகவில்லை. அன்றைக்கு முழுக்க மெஷினில் உட்கார்ந்து கோணலாகத் தைத்துப் பிரித்தேன்.

சென்னைக்குப் போய் ரயில் பிடிக்க மத்தியானம் பள்ளிக்கூட வாசலிலிருந்து வேன் கிளம்பியது. கூட்டாளியின் அம்மா சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் நின்றார். நான் பழகிவிட்டேன். முகத்தை ஒன்றும் இல்லாமல் வைத்துக்கொண்டு, கேட்டில் எழுதியிருந்த பள்ளி விதிகளைப் படித்தபடி நின்றேன். பிள்ளை போகிற நேரத்தில் நம் பயத்தைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது என்று நினைத்தேன்.

வேன் நகரும்போது ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினாள். “உள்ள உக்காருடி” என்று கத்தத் திரும்பினேன்.

“அம்மா! சண்ட முடிஞ்சிடுச்சு. லைட்டப் போடு!”

என்ன முகம் வந்ததோ எனக்குத் தெரியாது. உள்ளே இருந்ததெல்லாம் வந்தது, பயமும் அதில் இருந்தது. அவள் அதை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கை காட்டினாள், வேன் திரும்பி மறைகிறவரை காட்டிக்கொண்டே போனாள்.